பட்டியலைப் படிக்காமல் ஓட்டு இல்லை!

தொழிலாளி தன் ஓட்டை எங்கே இழக்கிறான்? வாக்குச்சாவடியில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கள்ள ஓட்டு, அடியாள், பணம் என்று அங்கே நடக்கிற அக்கிரமங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, கூச்சலும் எழுகிறது. ஆனால் அதற்குப் பல மாதங்கள் முன்னாலேயே, கூச்சலே இல்லாமல், தாலுகா ஆபீசின் காகிதத்தில் நமது பெயர் அடிபட்டுப் போகிறதே, அதை யார் பார்க்கிறார்கள்? ஓட்டுப்போடும் நாளன்று குளித்து முழுகி, வெயிலில் நின்று, முறை வந்ததும் "உன் பேர் லிஸ்டில் இல்லையே" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் யார்? மில் சொந்தக்காரர்களா? மிராசுதார்களா? இல்லை தோழர்களே! பஞ்சாலையிலும் வயலிலும் பாடுபடுகிற நம்மவர்கள்தான்.

2025 நவம்பர் 4-ம் தேதி தேர்தல் கமிஷன் தமிழ்நாட்டில் 'சிறப்புத் தீவிரத் திருத்தம்' என்ற பெயரில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கும் வேலையைத் தொடங்கிற்று. டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வெளிவந்தது. அதற்கு முன் இருந்த சுமார் 6 கோடியே 41 லட்சம் பெயர்களில் சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இவற்றில் இறந்தவர்கள் என்று காட்டப்பட்டது சுமார் 27 லட்சம். இரண்டு இடத்தில் பதிவானவை 3 லட்சத்துச் சொச்சம். இவற்றை நீக்க வேண்டியதுதான். நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மீதி? 66 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'குடிபெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்' என்று தள்ளப்பட்டார்கள்.

இந்த நாட்டில் குடிபெயர்கிறவன் யார்? நூறு ஏக்கர் வைத்திருப்பவன் குடிபெயர்வதில்லை. அறுப்பு முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவன் குடிபெயர்கிறான். மில்லை மூடியதால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி தேடிப் போகிறவன் குடிபெயர்கிறான். வாடகையை உயர்த்தியதும் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறவள் குடிபெயர்கிறாள். பட்டியல் எழுதுகிறவர் கதவைத் தட்டும் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இல்லாதவர்களும் நாம்தான். அந்த நேரத்தில் நாம் ஷிப்டில் இருப்போம், அல்லது நடவில் இருப்போம். வரைவுக்குப் பிறகு மனுப்போட அவகாசம் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் பெயர் போனது தெரிந்தவன்தானே மனுப்போடுவான்!

இந்த ஓட்டு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் நிலவரி கட்டுகிறவன், சொத்துள்ளவன், படித்தவன் ஆகியோருக்குத்தான் ஓட்டு. பண்ணையாளுக்கு இல்லை, மில் கூலிக்கு இல்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற உரிமையோடு நடந்த முதல் பொதுத் தேர்தல் 1951-52ல்தான் வந்தது. உடனே என்ன நடந்தது? 375 இடங்கள் கொண்ட சென்னை மாகாணச் சட்டசபையில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பிடித்தது. கோவணம் கட்டியவன் கையில் ஓட்டுச் சீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கே ஆளும் வர்க்கத்துக்குப் புரிந்துவிட்டது.

அதே தேர்தலில் நடந்த இன்னொரு விஷயத்தையும் பெண் தோழர்கள் அறிய வேண்டும். வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே எழுதச் சொன்னார்கள். அப்படிச் சொந்தப் பெயர் இல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். இன்றைக்கும் கல்யாணமாகிப் போன ஊரில் பெயர் சேராமல், பிறந்த ஊரில் பெயர் அடிபட்டு, இரண்டுங்கெட்டானாக நிற்கும் பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்? கணக்கெடுத்துப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

இந்தியக் குடிமக்களில் 18 வயது நிரம்பியவர்கள் எல்லோரும் தாம் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். 1989 வரை 21 வயது என்றிருந்தது. முன்பு ஜனவரி 1-ம் தேதியன்று வயது நிரம்பியிருக்க வேண்டும். தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதியும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. புதிதாகச் சேர படிவம் 6. வீடு மாறினாலும், பெயர், வயது, படம் தவறாக இருந்தாலும், அட்டை தொலைந்தாலும் படிவம் 8. ஒருவர் பெயரை நீக்கச் சொல்லவும், சேர்ப்பதை ஆட்சேபிக்கவும் படிவம் 7. இந்த ஏழாம் நம்பர் படிவத்தின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். நம் தெருக்காரர்கள் பெயரை எழுதி 'இவர் இங்கே இல்லை' என்று எவனாவது கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்தாலும், உங்களுக்கு நோட்டீஸ் தந்து உங்கள் பதிலைக் கேட்காமல் நீக்கக் கூடாது. பொய்யென்று தெரிந்தே எழுதிக் கொடுப்பவனுக்கு ஒரு வருஷம் வரை சிறை உண்டு.

படிவத்தை உங்கள் வாக்குச்சாவடிக்கென நியமிக்கப்பட்டிருக்கும் பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம். பெரும்பாலும் அவர் அங்கன்வாடி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். அவரும் நம்மைப்போல் வேலைப்பளு சுமக்கிறவர்தான். அவரிடம் கோபத்தைக் காட்டிப் பயனில்லை. தாலுகா ஆபீசில் கொடுக்கலாம். செல்போனில் பிள்ளைகளைக் கொண்டும் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 1950 என்ற எண் இருக்கிறது. இதற்கு ஒரு காசும் கட்டணமில்லை. 'எழுதித் தருகிறேன், இருநூறு கொடு' என்பவனை விரட்டுங்கள். ரசீது மட்டும் வாங்காமல் வராதீர்கள்.

'வீட்டுக்குப் பட்டா இல்லையே, புறம்போக்கில் குடிசைதானே' என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. சட்டம் பட்டா கேட்கவில்லை. ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதனால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார் என்றே 1950-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. கூரையே இல்லாதவனுக்கும் வழி இருக்கிறது: அவன் படுத்துறங்குவதாகச் சொல்லும் இடத்துக்கு பி.எல்.ஓ. இரவில் போய்ப் பார்க்க வேண்டும். அவன் அங்கேதான் தூங்குகிறான் என்று கண்டால் இருப்பிடச் சான்று தேவையில்லை. பாலத்தடியில் படுப்பவனுக்கும் பங்களாவில் படுப்பவனுக்கும் ஒரே ஓட்டு!

வேலைக்காக வெளியூர் போனவர்கள் எங்கே பதிவது? இதில் குழப்பம் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்த் திரும்புகிறவர்கள் சொந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; தற்காலிகமாக ஊரில் இல்லாததால் குடியிருப்பு போய்விடாது என்று சட்டமே சொல்லுகிறது. 'ஆள் இல்லை' என்று எழுத வருகிறவரிடம் இதை எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவர் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் குடும்பத்தோடு கோவையிலும் திருப்பூரிலும் இருப்பவர்கள் படிவம் 8 கொடுத்து அங்கேயே மாற்றிக்கொள்வதே மேல் என்பது நமது கருத்து. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுவதும், உங்கள் மில் பிரச்னைக்காகச் சட்டசபையில் வாய் திறப்பதும் அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.தானே? ஓட்டில்லாத தெருவுக்கு எந்த எம்.எல்.ஏ. வருவார்? மில் விடுதிகளில் கேம்ப் கூலிகளாக அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பெண்களுக்கும், பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து இங்கேயே வாழ்கிற சகோதரத் தொழிலாளிகளுக்கும் சட்டம் ஒன்றேதான். ஆனால் இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள். அது குற்றம்.

அட்டை கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டை வேறு, பட்டியல் வேறு. அட்டை இருந்து பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டில்லை. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்து போயிருந்தால் ஓட்டு உண்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஆதார், நூறுநாள் வேலை அட்டை, படம் ஒட்டிய பாங்க் அல்லது தபாலாபீஸ் பாஸ்புக் முதலியவற்றை ஒப்புக்கொண்டார்கள். ரேஷன் கார்டு அந்த வரிசையில் இல்லை. வீட்டுக்கு வந்து தருகிற பூத் சிலிப்பும் 2019 முதல் தனியாகச் செல்லாது.

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் பிறகு யார் பெயரையும் அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது. மனுக்களை விசாரிக்கவும் நாள் பிடிக்கும். ஆகவே தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருப்பது தவறு. மனு தள்ளப்பட்டால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம். அங்கும் தள்ளினால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

இதையெல்லாம் தனியொரு கூலியாள் செய்துவிட முடியுமா? முடியாது. இது சங்கத்தின் வேலை. போனசுக்கும் கூலி உயர்வுக்கும் கூட்டம் போடுகிறோமே, இதற்கு ஏன் போடக் கூடாது? ஒரு வாக்குச்சாவடிப் பட்டியலில் ஏறக்குறைய ஆயிரம் பெயர்கள் இருக்கும். ஒரு மாலைப் பொழுதில், தெரு விளக்கடியில் உட்கார்ந்து, படிக்கத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ உரக்க வாசித்தால் முடிந்தது. வீட்டு எண் வரிசைப்படி வாசியுங்கள். பெயர் இருக்கிறவர் 'உண்டு' என்று சொல்லட்டும். இல்லாதவர் அங்கேயே படிவம் நிரப்பட்டும். செத்தவர் பெயர் இருந்தால் அதையும் குறியுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெயரில் வேறொருவன் ஓட்டுப்போடுவான். மில் கேட்டிலும் ஷிப்ட் விடும் நேரத்தில் இப்படி மேஜை போடலாம்.

'என் ஒரு பெயரால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்கிறவருக்கு 2016-ல் ராதாபுரத்தைக் காட்டுங்கள். வித்தியாசம் 49 ஓட்டு. 2021-ல் தியாகராய நகரில் 137. மொடக்குறிச்சியில் 281. ஒரு லைன் வீட்டு வரிசையில் இருப்பவர்களை விடக் குறைவு!

இனி ஓட்டுப்போடும் நாள். அன்றைக்குச் சம்பளத்துடன் லீவு கொடுக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு சொல்லுகிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. மீறுகிற முதலாளிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? ஐநூறு ரூபாய் வரை! சட்டம் எழுதியவர்களுக்கு முதலாளி மேல் இருந்த கருணையை என்னவென்பது. 'நீ வராவிட்டால் பெரிய நஷ்டம்' என்ற விலக்கும் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி மில்லை ஓட்டப் பார்ப்பார்கள். முன்கூட்டியே சங்கத்தின் மூலம் எழுத்தில் லீவு கேட்டு வாங்கிவிடுங்கள்.

'நீ யாருக்குப் போட்டாய் என்று எனக்குத் தெரியும்' என்று பண்ணையின் ஏஜெண்டு மிரட்டுவான். பொய்! எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்ற கணக்கு வெளியே வருகிறது என்பது மெய்தான். ஆனால் தனியாள் ஓட்டை எவனும் அறிய முடியாது. மறைப்புக்குள் நீங்கள் ஒருவரே. நீலப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும். பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். கண் தெரியாதவர்களும் உடல் இயலாதவர்களும் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம்; ஆனால் ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போக முடியும். பண்ணைக் கணக்குப்பிள்ளை பத்துக் கிழவிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனால் நமது பூத் ஏஜெண்டு வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது.

பணத்தைப் பற்றி: கொடுப்பவன், வாங்குபவன் இருவருமே சட்டப்படி குற்றவாளிகள். 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்தி வைத்தார்கள். ஆயிரம் ரூபாய் தருகிறான் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்கு 1826 நாள். நாளொன்றுக்கு 55 பைசா. அந்த ஐந்து வருஷமும் நம்முடைய குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது அவன் ஆட்கள்!

சாவடிக்குப் போனபோது உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டிருந்தால் திரும்பி வராதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொன்னால், 49-பி விதியின்படி உங்களுக்குத் தனி ஓட்டுச் சீட்டு தர வேண்டும். 2018-ல் 'சர்கார்' படம் வந்த பிறகு இந்த விதி ஊரெல்லாம் அடிபட்டது. ஆனால் படம் பார்த்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டு தனி உறையில் வைக்கப்படுகிறது. சாதாரண எண்ணிக்கையில் சேருவதில்லை. வழக்கு நடந்து கோர்ட் கேட்டால்தான் வெளியே வரும். ஆகவே அடுப்பு வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆண்களும் பெண்களும் காலையிலேயே போய்விடுங்கள். தாமதமானாலும் நேரம் முடிவதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும். வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து, கடைசி ஆள் வரை ஓட்டுப்போட விட்ட பிறகுதான் சாவடியை மூட வேண்டும்.