வாசற்படி இல்லாத ஃபியோர்டு

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரையில், வடதுருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில், கோங்ஸ்ஃபியோர்டு இருக்கிறது. தென்கரையில் நி-ஓலசுண்ட் என்ற சிற்றூர். 1962இல் நிலக்கரிச் சுரங்க விபத்தில் 21 பேர் மாண்டபின் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று அங்கே பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள். 2008 முதல் நம் ‘ஹிமாத்ரி’யும் உண்டு.

இந்தக் கழியின் கதை முழுவதும் அதன் அடித்தரையில் இருக்கிறது. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் ஃபியோர்டு. பல ஃபியோர்டுகளின் முகத்துவாரத்தில் நீருக்கடியில் ஒரு மேடு குறுக்கே கிடக்கும். வாசற்படி மழைநீரை மறிப்பதுபோல் அது வெளிக்கடலின் ஆழ்நீரை மறிக்கும். கோங்ஸ்ஃபியோர்டில் அந்த மேடு இல்லை. வெளிக்கடலின் ஆழமான பள்ளம் ஒன்று நேரே உள்ளே வருகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வடக்கே ஓடும் வெதுவெதுப்பான உப்புநீர் அதன் வழியாக நுழைகிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் கெட்டியாக உறைந்த நடுப்பகுதி, 2006க்குப் பின் பெரும்பாலும் உறைவதில்லை.

உள்முனையில் குரோனெபிரீன் பனியாறு கடலில் இறங்குகிறது. கோடையில் உருகும் நீர் பனிக்கடியில் ஓடி, கடல்மட்டத்துக்குக் கீழே பீறிடும். நன்னீர் எடை குறைந்தது. எனவே செந்நிற வண்டலையும் மிதவை உயிரிகளையும் வாரிக்கொண்டு விறுவிறுவென மேலெழும். அந்தக் கலங்கலின்மேல் கிட்டிவேக் பறவைகள் கூட்டமாக இறங்கி இரை கொத்தும். பனிமுகம் கரையேறிவிட்டால் இந்த ஊற்றும் போய்விடும் என்பதுதான் என் கவலை.

வடகரையில் உள்ள ப்ளோம்ஸ்ட்ராண்டில் 1911 வாக்கில் எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்பவர் சலவைக்கல் வெட்ட ஆரம்பித்தார். உறைபனியில் வெடிப்பு விட்ட கல் விலைபோகவில்லை. அந்த நிலத்தைத் தீபகற்பம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அதை ஒட்டியிருந்த பனியாறு பின்வாங்கி நடுவே கடல் தெரிந்த 1990களில்தான் அது தீவு என்று தெளிவாயிற்று. ஒரு மனித ஆயுளுக்குள் வரைபடம் மாறும் இடம் இது.

2014இல் இந்த ஃபியோர்டில் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் ‘இண்டார்க்’ என்ற மிதவைக் கருவித்தொகுதியை இந்தியா நங்கூரமிட்டது. அதில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு. துருவ இரவிலும் அது வெப்பத்தையும் உப்பையும் அளக்கிறது. சூடான நீர் எந்த மாதம் வந்தது, எத்தனை நாள் தங்கியது என்பதெல்லாம் இடைவிடாத பதிவில்தான் பிடிபடும். ஓராண்டு விட்டுப்போனால் அந்த ஆண்டின் கடலைத் திரும்ப அளக்க முடியாது. எந்தச் சிக்கனத்தின் பேரிலும் இந்த வேலைக்கான பணத்தில் கைவைக்கக் கூடாது.