முன்சில்லுக்கே புதிய ரயர்

எங்கள் அயல்வீட்டுப் பெண்பிள்ளை உயர்தர வகுப்பிற் படிக்கின்றாள். கிழக்கு வெளுக்குமுன்பே தனியார் வகுப்புக்குப் புறப்பட்டுவிடுவாள். அவள் ஏறிச் செல்லும் துவிச்சக்கரவண்டி அவளுக்குமுன் அவளுடைய தமக்கைக்கும், அதற்கு முன் தாய்க்கும் பணிபுரிந்த வண்டி. சென்ற மாதம் அதன் பின்சில்லு ரயர் வெடித்துப்போயிற்று. தந்தையார் வண்டியைக் கடைக்கு உருட்டிச் சென்று, புதிய ரயர் ஒன்று வாங்கிப் பின்சில்லிற் போடுவித்துக்கொண்டு வந்தார். “இனி இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை, மாஸ்டர்” என்று வேலிக்கு மேலால் எனக்குச் செய்தியும் சொன்னார்.

நான் படலையைத் திறந்துகொண்டு போய் முன்சில்லைக் குனிந்து பார்த்தேன். அந்த ரயரின் மேற்பூ புதிதுபோலவே இருந்தது. ஆனால் அதன் பக்கச்சுவரோ, கோடையில் வற்றிய குளத்தின் அடித்தரைபோல வெடித்துக் கிடந்தது. “தம்பி, இன்று வாங்கிய ரயரைக் கழற்றி முன்சில்லிற் போடுவியுங்கள். பின்னுக்கு வேறொன்று, மலிவாக இருந்தாலும் பாதகமில்லை, வாங்குங்கள்” என்றேன்.

அவர் நான் பகடி பேசுவதாக எண்ணிச் சிரித்தார். “முன்னுக்கு என்ன பாரம் இருக்கிறது, மாஸ்டர்? எல்லாப் பாரமும் பின்னுக்குத்தானே?”

அவர் சொன்னதிற் பிழையில்லை. ஓட்டுபவரின் பாரத்திற் பெரும்பங்கு, நூற்றுக்கு அறுபதுக்குக் குறையாமல், பின்சில்லின்மேலேயே விழுகின்றது. கரியரில் ஓர் அரிசிச் சாக்கையோ, தம்பியையோ ஏற்றிவிட்டால் அப்பங்கு இன்னும் ஏறும். மிதிக்கின்ற விசையும் பின்சில்லின் வழியாகவே நிலத்தைச் சேர்கின்றது. ஆகையாற் பின் ரயர் முன் ரயரைவிட இரண்டு மடங்கு வேகத்தில், சில வேளைகளில் அதற்கும் கூடுதலாக, தேய்கின்றது. தேய்ந்ததை மாற்றுகிறோம், தேயாததை விட்டுவிடுகிறோம். கடைக்காரரும் அவ்வாறே செய்கின்றார், நாமும் அதையே நியாயமென்று கொள்கின்றோம்.

இந்த நியாயத்தில் ஓர் ஓட்டை உண்டு. பின் ரயர் உழைப்பினாற் சாகின்றது. முன் ரயர் முதுமையினாற் சாகின்றது. பின் ரயர் தன் முடிவை அடிக்கடி காற்றுப்போய், நூல் தெரிந்து, பலமுறை அறிவித்துவிட்டே போகும். முன் ரயர் தேய்வதில்லை. அதனால் எவரும் அதைப் பார்ப்பதுமில்லை. பத்து வருடம், பன்னிரண்டு வருடம் அது அப்படியே இருந்து உள்ளுக்குள் உலர்ந்துகொண்டிருக்கும்.

பின்சில்லில் ரயர் வெடித்தால் வண்டி சற்று ஆடும். கைபிடியை நேரே பிடித்துக்கொண்டு மெல்ல நிறுத்திவிடலாம். முன்சில்லு அப்படியன்று. வண்டியைத் திருப்புவது அது. பிறேக் பிடிக்கும்போது உடலின் பாரமெல்லாம் முன்னோக்கிச் சாய்ந்து விழுவதும் அதன்மேலே. அது வெடித்த கணத்திற் கைபிடி நம் சொற் கேளாது. 1993ஆம் ஆண்டு, குடாநாட்டிற் பெற்றோல் காணக்கிடையாமல் ஊர் முழுவதும் துவிச்சக்கரவண்டியில் ஓடிய காலத்தில், கோப்பாய் வீதியில் என் முன் ரயர் வெடித்தது. எதிரே லொறி இல்லை, வேகமும் அதிகமில்லை. இருந்தும் கைபிடிக்கு மேலாகச் சென்று விழுந்து காறையெலும்பு முறிந்தது. புதிய ரயர் அக்காலத்தில் எளிதிற் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு இரண்டு மாதத்திற்குமுன் எப்படியோ எனக்கு ஒரு புதிய ரயர் கிடைத்திருந்தது. அதை நான் பின்சில்லிற் போட்டிருந்தேன்.

ஆதலால் முறை இதுவே: பின் ரயர் தேய்ந்தால், முன்னால் இருக்கும் ரயர் நல்ல நிலையிலிருக்குமாயின் அதைப் பின்னுக்கு மாற்றுங்கள், புதியதை முன்னுக்குப் போடுங்கள். முன் ரயர் முதுமைப்படுமுன் பின்னுக்குச் சென்று உழைத்துத் தேய்ந்துவிடும். முன்சில்லில் எப்பொழுதும் இளமையான ரயர் இருக்கும். செலவு ஒரு சதமும் கூடாது. திருத்துபவருக்கு இன்னொரு சில்லைக் கழற்றும் வேலைதான் மிச்சம். அதற்காக அவர் முகத்தைச் சுளித்தால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

ரயரின் காலம் முடிந்ததென்பதை எப்படி அறிவது? பின் ரயரிலே தேய்வைப் பாருங்கள். புதிய ரயரின் மேற்பரப்பு வளையல்போல உருண்டிருக்கும். தேயத் தேய நடுப்பகுதி தட்டையாகி, இருபுறமும் விளிம்பு கட்டும். தட்டையானவுடன் எறியவேண்டியதில்லை, ஆனால் நாட்களை எண்ணத் தொடங்கலாம். சில உயர்ந்த ரகங்களில் மேற்பரப்பில் இரண்டு சிறு குழிகள் வைத்திருப்பார்கள். அவை மறைந்தால் ரயர் முடிந்ததென்று பொருள். இறப்பருக்கு அடியிலிருந்து நூல் எட்டிப் பார்த்தாலோ, அன்றைக்கே மாற்றுங்கள். இடைக்காலத்தில் ஒரு மாதத்தில் ஒரு காற்றுப்போக்கு என்றிருந்தது மூன்றாகி நான்காகுமானால், போத்தல் ஓட்டையும் நெருஞ்சி முள்ளையும் மட்டும் நோவதிற் பயனில்லை. மெலிந்த ரயருக்கு எல்லா முள்ளும் நீண்ட முள்ளே.

எங்காவது ஓரிடத்திற் கட்டிபோல வீங்கியிருந்தால் உள்ளேயிருக்கும் நூல் அடுக்கு அறுந்துவிட்டதென்று அறிக. அந்த ரயரிலே சந்தைவரைகூடப் போகவேண்டாம். ஆழமான வெட்டுக்கு உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து ஓட்டுவது நம்மவர் பழக்கம். வழியில் அகப்பட்டால் வீடு சேர்வதற்கு அது நல்ல உபாயம். வருடக்கணக்கில் அதை நம்புவது வேறு காரியம். மேலோட்டமான சிறு வெட்டுக்கள் பொருட்டல்ல. ஞாயிறுதோறும் ஒரு சிறு ஊசியால் அவற்றிற் சிக்கிய கண்ணாடித் துணுக்குகளைக் கிளறி எடுத்துவிட்டாற் போதும். ஒரு துணுக்கு இறப்பருக்குள் மெல்ல மெல்ல நடந்து ரியூபை அடைவதற்குச் சில நாட்கள் எடுக்கும். அந்த நாட்கள் நமக்குரியவை.

முன் ரயரிலோ பார்க்கவேண்டியது பக்கச்சுவரை. காற்றை இறக்கிவிட்டுப் பக்கச்சுவரை விரல்களால் மடித்துப் பாருங்கள். மடிப்பிலே வெடிப்புகள் வாய் திறந்து நூலைக் காட்டினால் அது போய்விட்டது. 1876ஆம் ஆண்டு கியூ தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர் மரம் இந்நாட்டுக்குப் பெருஞ்செல்வம் தந்தது. ஆனால் அம்மரத்தின் பாலுக்கு வெயிலும் காற்றும் பகை. காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் இறப்பரைத் தாக்கி வெடிக்கச் செய்கின்றது. காற்றில்லாத ரயரின்மேல் வண்டியை மாதக்கணக்கில் முற்றத்து வெயிலில் நிறுத்திவைப்பதைவிடப் பெரிய கொடுமை அதற்கில்லை. தண்ணீர்ப் பம்பி ஓடும் அறையும் உகந்ததன்று. மின்மோட்டரின் பொறியும் ஓசோனை உண்டாக்கும். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது ரயரிற் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். எண்ணெய் இறப்பரை ஊதிக் குழையச் செய்யும்.

இன்னுமொன்று: பிறேக் கட்டை சற்று மேலேறி றிம்மை விட்டு ரயரைத் தொட்டுக்கொண்டிருந்தால், புதிய ரயரின் பக்கச்சுவரையும் சில நாட்களில் அரிந்துவிடும். ரயர்மீது பழிபோடுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்குதல். “இருபத்தெட்டு அங்குல ரயர் ஒன்று தாருங்கள்” என்று கேட்டு வாங்கிவந்து, பொருந்தாமற் திரும்பப் போனவர்கள் பலர். அங்குலக் கணக்கு நம்பத்தக்கதன்று. நம் ஊரின் உயரமான பழைய றலி, ஹம்பர் வண்டிகளுக்கு 28 × 1½ என்ற ரயர். பந்தய வண்டியின் 700 என்ற அளவையும் சிலர் இருபத்தெட்டு என்றே சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. ரயரின் பக்கச்சுவரில் 40-635 அல்லது 28-622 என்பதுபோல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது ரயரின் அகலம், இரண்டாவது அது அமரவேண்டிய றிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். பழைய வண்டியினது 635, பந்தய வண்டியினது 622. பதின்மூன்று மில்லிமீற்றர் வேறுபாட்டை எந்தப் பலசாலியும் இழுத்துப் பொருத்த முடியாது. பெண்கள் ஓட்டும் பல வண்டிகளின் 26 × 1⅜ ரயருக்கு 590. அதே இருபத்தாறு என்று பெயர்பெற்ற மலைவண்டியின் 26 × 1.75 ரயருக்கோ 559. கடைக்குப் போகுமுன் பழைய ரயரின் இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். அது மட்டும் மாறலாகாது. முதல் எண், றிம்மும் மட்கார்ட்டும் இடங்கொடுக்கும் அளவுக்கு, சற்றுக் கூடலாம்.

கூடுவது நல்லதும்கூட. பந்தய வண்டிக்கு ஆசைப்படும் இளைஞர்கள் மெல்லிய ரயரே விரைவான ரயர் என்று எண்ணுகின்றனர். நெடுங்காலம் பந்தய வீரர்களும் அப்படித்தான் எண்ணி, 23 மில்லிமீற்றர் ரயரிற் சதுர அங்குலத்துக்கு நூறு இறாத்தலுக்குமேல் காற்றடித்து ஓடினார்கள். இப்போது அவர்களே 28க்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள். ஒரே காற்றழுத்தத்தில் அகன்ற ரயர் நிலத்தில் நீளமாகப் படியாமற் குறுக்காகப் படிகின்றது. அதனாற் குறைவாக நசிந்து, இலேசாக உருளுகின்றது. நம் ஒழுங்கைகளின் கல்லிலும் பள்ளத்திலும் இறுகிய மெல்லிய ரயர் துள்ளித் துள்ளி வேகத்தை இழக்கும். சற்றுத் தளர்ந்த அகன்ற ரயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தபின், தண்டவாள இடுக்கில் மெல்லிய ரயர் அகப்பட்டு விழும் ஆபத்தையும் நாம் நினைக்கவேண்டும். கடவையைச் சரிவாகக் கடவாமற் குறுக்காகக் கடவுங்கள். ரயர் எவ்வளவு அகலமாயினும் இது பொருந்தும்.

மேற்பூவைப் பார்த்து ரயர் வாங்குவது, கரையைப் பார்த்துச் சேலை வாங்குவதுபோல. ஆழமான பூ வெட்டினால் மழையில் வழுக்காது என்பது மோட்டார்க் காரிலிருந்து நாம் இரவல் வாங்கிய எண்ணம். காரின் ரயர் அகன்றது, தட்டையானது. விரைந்து ஓடும்போது அதனடியில் நீர் சிக்கிக்கொள்ளும், அந்நீர் வெளியேற வாய்க்கால் வேண்டும். துவிச்சக்கரவண்டியின் ரயர் ஒடுங்கியது, உருண்டது. தோணியின் முனைபோல நீரைத் தானே பிளந்துகொண்டு போகும். தார் வீதியில் மழமழப்பான ரயரே நன்றாகப் பற்றும், ஏனெனில் அதில் நிலத்தைத் தொடும் இறப்பர் அதிகம். மாரியிற் செம்பாட்டுத் தரையிலும் தோட்டத்து வரப்பிலும் போகவேண்டியவருக்குப் பூ வேண்டும். பள்ளிக்கும் கந்தோருக்கும் போகின்றவருக்கு வேண்டியதில்லை. ஈரமான வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் எல்லா ரயரும் வழுக்கும்.

முள்ளுத் தாங்கும் தடித்த பட்டை உள்ளே வைத்த ரயர்கள் வருகின்றன. அவை பாரமானவை, உருளுவதிற் சோம்பலானவை. எனினும் இருட்டில் தனியே செல்லும் பிள்ளையின் வண்டிக்கு நான் அவற்றையே சொல்வேன். விரல்களால் அழுத்திப் பார்த்து, கடினமாய்க் கட்டைபோலிருக்கும் மலிவு ரயரை விட்டுவிடுங்கள். கடையின் முகப்பில் வெயிலிலே தோரணமாகத் தொங்கும் ரயரைத் தொடவே வேண்டாம். உள்ளே உறையிலிருந்து ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கமுன்னரே முதுமையடைந்த ரயருக்கு முழுவிலை கொடுப்பானேன்?

காற்றின் அளவு பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும். அது மேலெல்லை, அதற்குமேல் அடிக்கலாகாது. அகன்ற பழைய ரயர்களுக்கு அது பெரும்பாலும் ஐம்பது, அறுபது இறாத்தலை அண்டியது. பின்சில்லுக்குச் சற்றுக் கூடவும் முன்சில்லுக்குச் சற்றுக் குறையவும் அடியுங்கள். காற்றுக் குறைந்த ரயர் பள்ளத்தில் விழும்போது றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசிந்து, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டைகள் விழும்.

போடும்போது பழைய ரயரின் உட்புறத்தை விரலால் அன்றி ஒரு துணியால் தடவிப் பாருங்கள். எந்த முள் உள்ளே நிற்கின்றதோ அது புதிய ரயருக்குள்ளும் வராதிருக்கவேண்டும். கம்பித் தலைகளை மூடும் நாடா விலகியிருக்கின்றதா என்றும் பாருங்கள். முன்சில்லுக்குப் புதிய ரியூபும் போடுங்கள். ஒன்பது ஒட்டுப் போட்ட ரியூபுக்குப் பின்சில்லில் இடமுண்டு.

அயல்வீட்டுக்காரர் என் சொல்லை உடனே ஏற்கவில்லை. இரண்டாவது ரயரின் விலை அவருக்கு உறைத்தது. இக்காலத்தில் யாருக்குத்தான் உறைக்காது? நான் காறையெலும்பைத் தொட்டுக் காட்டினேன். மறுநாள் மாலை, பிள்ளை வகுப்பிலிருந்து வந்தபின், வண்டியை மீண்டும் உருட்டிக்கொண்டு போனார். கழற்றிய பழைய முன் ரயர் இப்போது மூன்றாம் வீட்டுச் சிறுவனிடம் இருக்கின்றது. ஒரு பூவரசந் தடியால் தட்டித் தட்டி, ஒழுங்கை முழுவதும் அதை உருட்டிக்கொண்டு திரிகின்றான்.