அவசரத் தேதியும் அரசு மென்பொருளும்

புது தில்லி: 2017 ஜூலை 1 பிறந்த நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் சரக்கு-சேவை வரி (ஜிஎஸ்டி) தொடங்கி வைக்கப்பட்டபோது, தலைவர்களின் உரைகளே நாட்டின் கவனத்தைப் பெற்றன. அந்த வரியைத் தாங்கி நிற்க வேண்டிய கணினிக் கட்டமைப்பு பற்றி அன்று அதிகம் பேசப்படவில்லை. அடுத்த சில மாதங்களில் அதுவே பேச்சாயிற்று.

இக் கட்டமைப்பை உருவாக்கும் ரூ.1,380 கோடி ஒப்பந்தம் 2015-ல் இன்ஃபோசிஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. ஆனால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது 2017 ஏப்ரல் 12-ல்தான். சட்டத்துக்கும் அமலாக்கத்துக்கும் இடையே மூன்று மாத அவகாசம்கூட இல்லை.

விளைவு தெரிந்ததே. கணக்குத் தாக்கல் செய்ய இயலாமல் வணிகர்கள் தவித்தனர். கடைசித் தேதிகள் நீட்டிக்கப்பட்டன. சுசீல்குமார் மோடி தலைமையில் அமைச்சர்கள் குழு அமைக்கப்பட்டது. விற்றவர், வாங்கியவர் ரசீதுகளை ஒப்பிட்டு ஏய்ப்பைத் தடுப்பதற்கான படிவங்கள் அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டன.

பழி முழுவதையும் ஒப்பந்ததாரர் மீது சுமத்திவிட முடியாது. 2018 பிப்ரவரி 1-ல் தொடங்கிய இ-வே பில் முறையை உருவாக்கியது அரசின் தேசியத் தகவலியல் மையம். அதுவும் முதல் நாளிலேயே முடங்கி, ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போனது. உருவாக்கியவர் வேறு, ஒரே நாளில் அனைவர் மீதும் சுமத்தும் அணுகுமுறை ஒன்றே.

இரண்டு ஆண்டுகள் கடந்தும் ரசீது ஒப்பீட்டு முறை நடைமுறைக்கு வரவில்லை என்று, 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

வரி என்றால் ஒரே நாளில்தானே தொடங்க முடியும் என்று கேட்கலாம். மின்னணு ரசீது முறை அதற்குப் பதில். 2020 அக்டோபரில் ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் அது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் வரம்பு ரூ.100 கோடி, ரூ.50 கோடி என்று படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் ரூ.5 கோடியை எட்டியது. கணினி வசதியும் ஆள் பலமும் உள்ள பெரிய நிறுவனங்கள் முதலில் சோதனையைத் தாங்கின. சிறு வணிகருக்குப் பழுது நீக்கப்பட்ட முறை கிடைத்தது.

ஆயினும், அதே வருவாய்த் துறையின்கீழ் உள்ள வருமான வரித் துறை, 2021 ஜூன் 7-ல் தனது புதிய இணையதளத்தை ஒரே மூச்சில் திறந்தது. ஆகஸ்ட் 23-ல் இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சர் அழைத்து விளக்கம் கேட்க நேர்ந்தது.

செலவினம் கோரும் மசோதாவுடன் நிதிக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும் என்பது நாடாளுமன்ற விதி. கணினியை நம்பி அமலாகும் சட்டங்களுக்கும், மென்பொருள் யாரால், எத்தனை நாள், எவ்வாறு சோதிக்கப்படும் என்ற குறிப்பை உறுப்பினர்கள் ஏன் கோரக்கூடாது? தேதியை நிர்ணயிப்பவர்கள் ஆட்சியாளர்கள். அது தவறினால் அலைக்கழிக்கப்படுபவரோ, கடைசி நாளில் கணினி முன் காத்திருக்கும் சிறு வணிகர்.