நெருங்க இயலாத ஒளியும் நெருங்கி வரும் அழைப்பும்

கிறிஸ்தவ நண்பர்களோடு உரையாடும் நம் இளைஞர்கள் பைபிளின் இரு வசனங்களை அருகருகே வைத்துக் கேள்வி எழுப்புவதுண்டு. எவரும் நெருங்க இயலாத ஒளியில் இறைவன் இருப்பதாக 1 தீமோத்தேயு 6:16 கூறுகிறது. இறைவனை நெருங்கினால் அவனும் நம்மை நெருங்குவான் என்கிறது யாக்கோபு 4:8. "இவற்றில் எது சரி?" என்று கேட்டு, வாதத்தில் வென்றுவிட்டதாகவும் எண்ணிக்கொள்கின்றனர்.

இந்த வாதத்தைக் கைவிடுவதே நல்லது என்று கருதுகிறோம். முதல் வசனம் இறைவனின் மகத்துவத்தைப் பேசுகிறது; இரண்டாவது, பாவத்தை விட்டு அவன்பால் மீளுவதைப் பேசுகிறது. பார்வைகள் இறைவனை அடையா என்று கூறும் குர்ஆன் (6:103), மறுமையில் சில முகங்கள் அவனை நோக்கியிருக்கும் என்றும் கூறுகிறது (75:23). இதனை வைத்து முஃதஸிலாக்களும் அஹ்லுஸ் ஸுன்னா அறிஞர்களும் நெடுங்காலம் வாதிட்டனர். நமக்கு விளக்கமளிக்க இடம் கேட்கும் நாம், பிறருக்கு அதனை மறுக்கலாமா? அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் 83ஆம் அத்தியாயம் வணிகர்களுக்கு மட்டும் உரியதன்று.

யாத்திராகமம் எழுப்பும் கேள்வியோ எளிதில் தீர்வதன்று. அதன் 33ஆம் அதிகாரத்தில் இறைவன் மோசேயுடன் முகமுகமாய்ப் பேசுகிறான் (33:11); அவன் முகத்தைக் கண்டு எவரும் உயிர்வாழ முடியாது என்றும் அதே அதிகாரம் கூறுகிறது (33:20). முன்னதை நட்புரிமையைக் குறிக்கும் வழக்காகக் கொள்ளலாம். அங்கே மேகத்தூணும் நிற்கிறது. ஆனால் 24ஆம் அதிகாரத்தில், தூரத்தில் நின்று பணியும்படி கட்டளையிடப்பட்ட மூப்பர்கள் எழுபது பேர் மலையேறி இறைவனைக் கண்டு, உண்டு குடித்தனர். இந்த இடம் யூதர்களையே தயங்க வைத்திருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, அவர்கள் இறைவன் நின்ற இடத்தைக் கண்டதாக எழுதுகிறது. அரமேய மொழிபெயர்ப்பான ஒன்கெலோஸ், அவனது மகிமையைக் கண்டதாக எழுதுகிறது. குர்ஆனிலோ மூஸா (அலை) காண வேண்டுகிறார். இறைவன் வெளிப்பட்டதும் மலை நொறுங்குகிறது. அவர் மூர்ச்சையாகி விழுகிறார் (7:143). அங்கே விருந்து இல்லை.

உண்மையான வேறுபாடு வேறோரிடத்தில் உள்ளது. லேவியராகமம் 16இன்படி, திரைக்கு அப்பாலுள்ள மகா பரிசுத்த இடத்திற்குள் பிரதான ஆசாரியர் ஆண்டுக்கொரு நாள் மட்டுமே நுழையலாம். இயேசுவின் இரத்தத்தால் அவ்வழி அனைவருக்கும் திறந்தது என்பது எபிரெயர் நிருபத்தின் வாதம் (10:19-20). குர்ஆனோ அத்தகைய திரையையும் இடையாளையும் முன்வைக்கவில்லை. ஸுஜூது செய்து நெருங்குமாறு நேரடியாகவே ஏவுகிறது (96:19). இறைவனை நெருங்க இரத்தம் வேண்டுமா, நெற்றி தரையில் பட்டால் போதுமா? கிறிஸ்தவ நண்பரிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான். அவருடைய பதிலை முழுமையாகக் கேட்கவும் நேரம் ஒதுக்க வேண்டும்.