நாய்க்கு வெயில் சூடு இல்லை, ரத்தத்தில் கிருமி!

"நாய் ரெண்டு நாளா சாப்பிடலை. உடம்பு கொதிக்குது. வெயில் சூடுதான், மோர் ஊத்துங்க!"

சென்னையில் நாய் வளர்க்கிற வீடுகளில் கோடை வந்தால் கேட்கிற வைத்தியம் இது.

நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 101, 102 டிகிரி. தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறம் போய் காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறதா? சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போகிறதா? அப்படியானால் மோரை வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். ரத்தம் அழிகிறது!

நம் ஊரில் பெரும்பாலும் உண்ணிதான் வில்லன். பழுப்பு உண்ணி கடித்தால் 'எர்லிக்கியா' கிருமி ஏறும். 'பபீசியா' என்று இன்னொன்று, சிவப்பணுவுக்குள்ளேயே குடியேறி அதை உடைக்கும். இதில் 'பபீசியா கிப்சோனி' உலகத்துக்கு அறிமுகமானதே இந்த மெட்ராசில்தான்! 1910-ல் பேட்டன் என்ற வெள்ளைக்கார டாக்டர், மெட்ராஸ் ஹன்ட் வேட்டை நாய்களின் ரத்தத்தில் பார்த்து எழுதினார். பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டார். நூறு வருஷம் தாண்டியும் நாம் மோர்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வகையும் உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே சொந்த சிவப்பணுக்களை எதிரி என்று நினைத்து நொறுக்கிவிடும். வேலியே பயிரை மேய்கிற கதை! இதற்கு ஸ்டீராய்டு கொடுத்து அந்தச் சக்தியை அடக்க வேண்டும். உண்ணி நோய்க்கோ கிருமியைக் கொல்கிற மருந்து வேண்டும். போதாததற்கு, பபீசியாவே இந்த உள்வீட்டுச் சண்டையை மூட்டிவிடுவதும் உண்டு. வெளிப்பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அதனால், "ஒரு ஊசி போடுங்க சார், எழுந்துக்கும்" என்று டாக்டரை நெருக்காதீர்கள். கிருமி இருக்கும்போது வெறும் ஸ்டீராய்டு போட்டால் நாய் எழும், வாலாட்டும். உள்ளே கிருமிக்குக் கொண்டாட்டம்! முதலில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அதில் அகப்படாவிட்டால் பி.சி.ஆர். சோதனை. செலவுதான், இல்லையென்று சொல்லவில்லை. தப்பான மருந்துக்கு ஆகிற செலவு அதைவிட அதிகம்.

வீட்டில் இருக்கிற பாரசிட்டமாலை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. நாய்க்கு அது விஷமாகும். டாக்சிசைக்ளின் மாத்திரை நாலு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால், நாலாம் நாள் நிறுத்துகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்!

நாயைக் குளிப்பாட்டினால் உண்ணி ஒழியாது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதுவும் நாய் மேல் அல்ல. சுவர் வெடிப்பில், கதவு இடுக்கில், கூண்டு மூலையில்.