ஓமனிலிருந்து வரும் பழைய ஜாகுவார்: உதிரிபாகம் யார் கையில்?

ஓமன் விமானப்படை 2014-ல் ஓய்வு கொடுத்த ஜாகுவார் தாக்குதல் விமானங்களை இந்தியாவுக்குத் தர முன்வந்திருப்பதாக 2025 இறுதியில் செய்திகள் வெளியாயின. அவை பறப்பதற்காக வரவில்லை. பிரித்தெடுத்து, நம் விமானங்களுக்கு உதிரிபாகமாகப் பயன்படுத்தவே வருகின்றன.

பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய ஜாகுவார், 1979-ல் அம்பாலா தளத்தில் இந்திய விமானப்படையில் சேர்ந்தது. 'ஷம்ஷேர்' என்று பெயரிட்டார்கள். வாள் என்று பொருள். தாழப் பறந்து எதிரியின் தரை இலக்குகளைத் தாக்குவது இதன் வேலை. பின்னர் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனமே உரிமம் பெற்றுத் தயாரித்தது. பிரான்ஸ் 2005-லும் பிரிட்டன் 2007-லும் இதைக் கைவிட்டன. இன்று உலகில் ஜாகுவாரைப் பறக்கவிடும் ஒரே நாடு இந்தியா.

எல்லோரும் கைவிட்ட பொருளுக்கு யார் உதிரிபாகம் செய்வார்கள்? அதனால்தான் முன்பே பிரான்சிடமிருந்து 31 பழைய ஜாகுவார்களை இந்தியா கேட்டுப் பெற்றது. வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. வெளிநாட்டு மெஷினின் பாகம் கிடைக்காவிட்டால், அதே மாடலில் பழைய மெஷினை வாங்கிக் கழற்றிப் போடுவார்கள். ஆனால் டேனரி மெஷின் நின்றால் நஷ்டம் பணம்தான். இங்கே உள்ளே உட்கார்ந்திருப்பது ஓர் உயிர்.

2025-ல் மட்டும் மூன்று ஜாகுவார்கள் விழுந்தன: மார்ச்சில் பஞ்ச்குலா, ஏப்ரலில் ஜாம்நகர், ஜூலையில் சூரு. மூன்று விமானிகள் உயிரிழந்தனர். இவற்றுக்கு உதிரிபாகமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இன்ஜினின் உந்துவிசை போதாது என்பது பழைய குறை. புதிய இன்ஜின் பொருத்தும் திட்டமும் செலவு அதிகம் என்று 2019-ல் கைவிடப்பட்டது.

உதிரிபாகம் ஓர் அரசியல் ஆயுதமும்கூட. 1979 புரட்சிக்கு முன் ஈரான் அமெரிக்காவிடம் எஃப்-14 போர் விமானங்களை வாங்கியிருந்தது. அமெரிக்கா 2006-ல் தன் எஃப்-14களுக்கு ஓய்வு கொடுத்தபோது, பாகங்கள் ஈரானுக்குப் போய்விடக்கூடாது என்று அவற்றில் பலவற்றைத் தூள் தூளாக்கியது. விற்றவன் நினைத்தால் வாங்கியவனின் விமானம் தரையிலேயே நிற்கும்.

நம் சொந்தத் தயாரிப்பான தேஜஸுக்கும் இன்ஜின் அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும். அது தாமதமானதால் விமானப்படைக்கு விமானங்கள் கிடைப்பதும் தாமதமானது. 42 ஸ்குவாட்ரன்கள் தேவைப்படும் இடத்தில், 2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெற்ற பிறகு 29 மட்டுமே மிஞ்சின.

ஓமனின் உதவி நல்லது; நட்பு நாட்டின் கைகொடுப்பு. ஆனால் அது சில ஆண்டுகளுக்கான மருந்து மட்டுமே. இன்ஜினை நாமே செய்யும் வரை நோய் தீராது. எல்லையைக் காக்கச் செல்லும் பிள்ளைகளின் உயிர் ஆட்சியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்துக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.