மண்ணுக்குப் புளிக்க வைக்கலாம், நமக்குக் கூடாதா?

தேமோர் கரைசல் போடத் தெரியாத இயற்கை விவசாயி நம்மில் யாரும் இருக்க மாட்டோம். தேங்காய்ப்பாலையும் மோரையும் கலந்து ஒரு வாரம் புளிக்க விடுறோம். மீன் கழிவையும் வெல்லத்தையும் வாளியில் மூடி வச்சு மீன் அமிலம் எடுக்கிறோம். பப்பாளி, பரங்கி, கனிஞ்ச வாழைப்பழம் எல்லாத்தையும் வெல்லத்தோட ஊற வச்சுப் பழக்கரைசல் தயாரிக்கிறோம். பத்து நாள் கழிச்சு மூடியைத் திறந்தா ஒரு வாசம் தூக்கும் பாருங்க. முதல் தடவை அதை மோந்துட்டு என் சம்சாரம், "என்னங்க, ஒயின்ஷாப் வாசம் அடிக்குது?" என்று மூக்கைப் பொத்திக்கிட்டா.

அவ சொன்னதில் தப்பே இல்லை. பழத்தோலில் இயல்பாவே ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் ஒட்டிக்கிட்டு இருக்கும். அது சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். பழக்கரைசலில் நடக்கிற முதல் வேலையும் அதுதான், ஒயினில் நடக்கிற வேலையும் அதுதான். ஒண்ணைச் செடிக்கு ஊத்துறோம். இன்னொண்ணை வீட்டில் வச்சிருந்தா குற்றம்.

இதைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு. படிக்கும்போது சிலருக்குக் கோபம் வரலாம். முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

என் மகள் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் இருக்கா. பேரன் பிறந்தப்போ நானும் சம்சாரமும் ரெண்டு மாசம் அங்கே போய் இருந்தோம். ஆகஸ்ட் கடைசி. வேலியோரம், நடைபாதையோரம் எங்கே பார்த்தாலும் முள்புதரில் கறுப்புக் கறுப்பாப் பழம். பிளாக்பெர்ரின்னு பேர். பக்கத்து வீட்டுப் பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தினமும் சாயங்காலம் ஒரு வாளியோட கிளம்பிடுவார். எதுக்குன்னு மகளை விட்டுக் கேட்டேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்த் தன் கார் செட்டைக் காட்டினார். வரிசையாக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொண்ணும் நாலரை லிட்டர் பிடிக்கும். எல்லாத்திலும் ஒயின்!

அவர் செய்முறை நம்ம கரைசல் மாதிரியே சுலபம். ரெண்டு கிலோ பழத்தை மசிச்சு, ஒண்ணேகால் கிலோ சர்க்கரை, தண்ணி, கடையில் வாங்கின ஒயின் ஈஸ்ட் ஒரு பாக்கெட் சேர்த்து வாளியில் அஞ்சாறு நாள் மூடி வைப்பார். தினமும் கிண்டி விடுவார். அப்புறம் வடிகட்டி ஜாடியில் ஊத்தி, தண்ணி நிரப்பின ஒரு வளைஞ்ச குழாயை வாயில் சொருகிடுவார். உள்ளே இருக்கிற வாயு கொப்புளம் கொப்புளமா வெளியே போகும், வெளிக்காத்து உள்ளே வராது. கொப்புளம் நின்னதும் அடியில் தங்கின வண்டலை விட்டுட்டுத் தெளிவை மட்டும் வேற ஜாடிக்கு மாத்துவார். ஒரு வருஷம் பொறுத்தாத்தான் குடிக்கவே நல்லா இருக்குமாம்.

"போலீஸ் வராதா?" என்று கேட்டேன். மகள் மொழிபெயர்த்ததும் சிரிச்சுட்டார். அந்த நாட்டில் சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்கு ஒயின் போட உரிமமும் வேண்டாம், வரியும் கிடையாது. விற்கணும்னா உரிமம் வேணும். காய்ச்சி வடிக்கிறதுன்னா கண்டிப்பா உரிமம் வேணும். அமெரிக்காவில் அளவே குறிச்சு வச்சிருக்காங்க. ஒரு பெரியவர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 100 காலன், ரெண்டு பேரோ அதுக்கு மேலேயோ இருந்தா 200 காலன். 100 காலன்னா சுமார் 380 லிட்டர்.

ஊர் திரும்பினேன். அடுத்த ஆனி, ஆடியில் எங்க வரப்போரம் அப்பா வச்ச ஒன்பது நாவல் மரமும் கொட்ட ஆரம்பிச்சது. நாவலைப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உலுக்கினா கீழே விழுந்து நசுங்கும், ஏறிப் பறிக்கக் கூலி கட்டாது, பறிச்சாலும் மறுநாள் தாங்காது. டவுனில் தள்ளுவண்டியில் கால் கிலோவுக்குச் சொல்ற விலை வேற, நம்மகிட்ட வியாபாரி கேட்கிற விலை வேற. கிளிக்கும் அணிலுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் போக மீதியைக் கூடை கூடையா வாரி எருக்குழியில் போட்டேன். மருந்தே தெளிக்காத பழம். போடும்போது அந்த யார்க்ஷயர் பெரியவர் ஞாபகம்தான் வந்தது. அவர் வேலியில் சும்மா கிடக்கிற பழத்தை ஒரு சொட்டு வீணாக்கலை. நான் அப்பா வச்ச மரத்துப் பழத்தைக் குப்பையில் கொட்டுறேன்.

நம்ம மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கு. உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் தயாரிக்கக் கூடாது. விற்கவா, வீட்டுக்கா என்கிற கேள்வியே அதில் இல்லை. ஒரு ஜாடி நாவல் ஒயினும் குற்றம்தான், பத்து பீப்பாய் சாராயமும் குற்றம்தான். ஆனா அதே மாநிலத்தில் 2003-லிருந்து மதுக்கடையை அரசே நடத்துது. பனங்கள்ளுக்கு 1987-லிருந்து தடை, ஆலையில் செய்த பிராந்திக்குத் தடை இல்லை. பக்கத்தில் கேரளத்தில் கள் இறக்கலாம். 2022-ல் அங்கே பழங்களில் இருந்து ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்குத் தனி விதியே கொண்டுவந்தாங்க. கோவாவில் முந்திரிப்பழத்தில் இறக்குற ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க. நம்ம பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையைத் திருகி எடுத்துட்டுப் பழத்தைத் தோப்பிலேயே விட்டுட்டு வர்றோம்.

இதையெல்லாம் ஒரு நாள் சம்சாரத்துக்கிட்டச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா: "உங்க அண்ணன் எப்படிச் செத்தாருன்னு மறந்துடுச்சா?"

மறக்கலை. நாற்பத்தி நாலு வயசில், ஈரல் கெட்டு, மஞ்சக் கண்ணோட அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து போனார். நாலு ஏக்கர் நிலத்தில் ரெண்டரை ஏக்கர் அதில் கரைஞ்சது. அண்ணி இன்னைக்கும் நூறு நாள் வேலைக்குப் போறாங்க. அதனால் "பழ ஒயின் உடம்புக்கு நல்லது, மருந்து மாதிரி" என்று யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். பத்து, பன்னிரண்டு சதவீதம் ஆல்கஹால் இருக்கிற பொருள் அது. ரசாயனம் போடாத பழத்தில் செய்தாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான். இயற்கைன்னு பேர் ஒட்டினதும் எதுவும் புனிதமாகிடாது. குடிநோய் இருக்கிற ஆள் உள்ள வீட்டில் இது இருக்கவே கூடாது.

ஆனா ஒண்ணை யோசிச்சுப் பார்த்தேன். அண்ணன் ஒரு நாளும் வீட்டில் புளிக்க வச்சுக் குடிக்கலை. கையில் காசு இருந்த ஒவ்வொரு சாயங்காலமும் கடையில் வாங்கிக் குடிச்சார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவங்க செத்தாங்களே, அது பழம் புளிச்சதாலா? இல்லை. ஆலைகளுக்குப் போற மெத்தனாலைச் சாராயத்தில் கலந்ததால். பழத்தை இயல்பா நொதிக்க வச்சா மெத்தனால் மிகக் கொஞ்சமாத்தான் வரும். ஆளைக் கொல்ற அளவு வெளியிலிருந்து கலக்கும்போதுதான் வருது. இந்த வித்தியாசத்தைச் சட்டம் பார்க்கணும் என்பதுதான் என் கருத்து.

அதனால் நான் கேட்கிறது மூணே விஷயம். முதலாவது, தன் நிலத்துப் பழத்தைத் தன் வீட்டுக்காகப் புளிக்க வைக்கிற விவசாயக் குடும்பத்துக்கு, வருஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு சின்ன அளவை அனுமதிக்கணும். ரெண்டாவது, விற்பனை கூடவே கூடாது. அடுப்பில் ஏத்திக் காய்ச்சி வடிக்கிறதும் கூடாது. மீறினா இப்போ இருக்கிற தண்டனையே இருக்கட்டும். மூணாவது, கிராமசபையில் பெண்கள் "எங்க ஊருக்கு வேண்டாம்" என்று தீர்மானம் போட்டா அந்த ஊரில் கிடையாது. இந்த மூணாவதைச் சேர்த்தது நான் இல்லை, என் சம்சாரம்.

சட்டம் மாறுகிற வரைக்கும் ஒளிச்சு வச்சுப் போடலாமா என்று கேட்காதீங்க. கூடாது. வழக்கு வந்தா நிலம் விற்றுத்தான் வெளியே வரணும். கூடவே ஒட்டுமொத்த இயற்கை விவசாயிகள் மேலயும் பழி வரும். அதுவரைக்கும் செய்ய ஒண்ணு இருக்கு: காடி.

ஜாடியில் காத்தை அடைச்சா ஒயின், காத்தை விட்டா காடி. அவ்வளவுதான் வித்தியாசம். காத்துப் பட்டதும் இன்னொரு நுண்ணுயிர் வந்து ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமா மாத்திடும். நான் இந்த ஆடியில் செய்த கணக்கைச் சொல்றேன். கொட்டை நீக்கிப் பிசைஞ்ச நாவல் மூணு கிலோ, நாட்டுச்சர்க்கரை நானூறு கிராம், கொதிச்சு ஆறின தண்ணி மூணு லிட்டர். கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடிதான், உலோகப் பாத்திரம் ஆகாது. வாயில் மெல்லிய துணி கட்டித் தினமும் மரக்கரண்டியால் கிண்டினேன். எட்டாம் நாள் வடிகட்டி, பழைய காடி ஒரு டம்ளர் சேர்த்து, மறுபடி துணி கட்டி நிழலில் வச்சேன். மேலே ஆடை மாதிரி ஒரு படலம் கட்டும். பயப்பட வேண்டாம், அதுதான் காடியின் தாய். பஞ்சு மாதிரி, முடி மாதிரி பச்சையாவோ கறுப்பாவோ பூத்தா மட்டும் அப்படியே எருக்குழிக்குப் போயிடணும். ரெண்டு மூணு மாசத்தில் சாராய வாசம் போய்ச் சுரீர்னு புளிப்பு ஏறும். வெங்காயப் பச்சடிக்கு, ஊறுகாய்க்கு அருமை. குடிக்கிறதா இருந்தா நிறையத் தண்ணி கலந்து மட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிங்கன்னு நான் சொல்லவே மாட்டேன்.

போன வாரம் அண்ணி வீட்டுக்கு வந்திருந்தாங்க. ஜாடியைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. சம்சாரம் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வச்சா. "புளிப்புல்ல இருக்கு!" என்று சிரிச்சுட்டு, போகும்போது அரை பாட்டில் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. ஒன்பது மரத்தில் ஒரு மரத்துப் பழமாவது இந்த வருஷம் குப்பைக்குப் போகலை.

என் கருத்தோட ஒத்துப்போகாதவங்க எழுதுங்க. குறிப்பா வீட்டுப் பெண்கள் எழுதணும். அடுத்த மாதக் கூட்டத்தில் நேரில் பேசுவோம். நான் காடி கொண்டு வர்றேன், நீங்க வெங்காயம் கொண்டு வாங்க.